வேலூரில் கல்லூரி வளாகம் சுற்றிக் காட்டும் வாலண்டியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இருந்து ஜூலை கடைசி வரை எங்கள் வளாகத்து வாசலில் கூட்டம் குறையாது. குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, சோளிங்கர், அந்தப் பக்கம் சித்தூர், பலமநேர் என்று பல ஊர்களில் இருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குடும்பமாக வருவார்கள். அவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது மாணவர் வாலண்டியர்களின் வேலை. மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் ஜூனியர்கள் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் கல்லூரி எது என்பது இங்கே முக்கியமில்லை. வேலூரில் நீங்கள் எங்கே படித்தாலும் வருகிற குடும்பங்கள் இவர்கள்தான், வெயிலும் இதே வெயில்தான்.

இந்த வேலையில் என்னதான் செய்ய வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஒன்றே கால் மணி நேரம் நடக்க வேண்டும். நூலகம், ஒரு வகுப்பறை, ஒரு லேப், மெஸ், ஹாஸ்டல் வாசல், விளையாட்டு மைதானம், கடைசியில் அட்மிஷன் ஆபீஸ். வெளியே இருந்து பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் கூட வருகிறவர்களை யோசித்துப் பாருங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மா ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கத்தில் இருந்து வருகிறவர் முதல் பஸ் பிடித்து மலை இறங்கியிருப்பார். அவர்கள் கட்டடம் பார்க்க வருவதில்லை. 'நம்ம பிள்ளை இங்கே இருந்துவிடுமா' என்று தெரிந்துகொள்ள வருகிறார்கள். கடைசியில் அவர்கள் பார்ப்பது உங்களைத்தான். மூன்று வருடம் கழித்து என் பிள்ளை இந்த மாதிரிப் பேசுமா, இந்த மாதிரி நடந்துகொள்ளுமா என்று உங்கள் முகத்தில் தேடுவார்கள்.

நான் கூச்ச சுபாவம். என்னால் முடியுமா?

முடியும். மேடைப் பேச்சு நன்றாக வருகிறவர்கள் இந்த வேலைக்குச் சட்டென்று பொருந்தி வருவதை நான் அதிகம் பார்க்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே போய்விடுவார்கள், பின்னால் இரண்டு பேர் கேள்வி கேட்க வாய் திறந்து மூடியதைக் கவனிக்க மாட்டார்கள். கூச்சம் உள்ளவருக்கு அடுத்தவரின் கூச்சம் தெரியும். எங்கள் குழுவில் இன்றைக்கு எல்லோரும் கேட்டு வாங்கும் வாலண்டியர் ஒருத்தி, முதல் வருடம் தன் பெயரைச் சொல்லவே திணறியவள்.

ஓடி (ஆன் டூட்டி) கிடைக்குமா? பணம் தருவார்களா?

வகுப்பு நாளில் டூர் இருந்தால் பெரும்பாலும் ஓடி கொடுப்பார்கள், அதாவது வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு. எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், செமஸ்டர் கடைசியில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய் நிற்கும். பணம் கிடையாது. சாப்பாடும் மோரும் கிடைக்கும், சான்றிதழ் ஒன்றும் கொடுப்பார்கள்.

எந்த மொழியில் பேசுவது?

இதைத்தான் நான் எல்லோரிடமும் அதிகம் வற்புறுத்துகிறேன்.

என் அப்பா குடியாத்தத்தில் தறி நெய்கிறவர். நான் பிளஸ் டூ முடித்ததும் அப்பாவும் நானும் இரண்டு வளாகம் பார்க்கப் போனோம். முதல் இடத்தில் சுற்றிக் காட்டிய அண்ணன் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசினார். அவர் தமிழ்ப் பையன்தான். அப்பா கடைசி ஆளாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். எல்லோரும் தலையாட்டும்போது தானும் ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நல்லாத்தான் சொன்னாரு இல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் மனதில் ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு, மாதாமாதம் கட்டலாமா என்ற இரண்டு கேள்விகள் இருந்தது எனக்குத் தெரியும். இரண்டையும் கேட்காமலே வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் ஒரு அக்கா. வந்தவுடன், "எல்லாருக்கும் தமிழ் வருமா? யாருக்காவது வேற மொழி வேணுமா?" என்று கேட்டார். அப்பா அன்றைக்கு முன்வரிசையில் நடந்தார். நான் அந்த இடத்தில்தான் சேர்ந்தேன்.

ஆகவே முதல் கேள்வியே மொழி பற்றியதாக இருக்கட்டும். பெரும்பாலோருக்குத் தமிழ் வரும் என்றால் தமிழில் பேசுங்கள். தமிழ் வராத ஓரிருவருக்கு ஒவ்வொரு இடத்திலும் சுருக்கமாக ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு வராத மொழியில் ஒன்றே கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்பதில் பயன் இல்லை.

தெலுங்கு கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். சித்தூர் இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். 1911 வரை சித்தூரும் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, மாவட்டத் தலைநகரே அதுதான். தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகே தலைமையிடம் வேலூருக்கு வந்தது. எனவே அந்தப் பக்கத்துக் குடும்பங்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைக்காதீர்கள். 'ரண்டி' (வாங்க), 'கூர்ச்சோண்டி' (உட்காருங்க), 'நீள்ளு காவாலா' (தண்ணி வேணுமா) என்ற மூன்றை வைத்தே நான் முதல் வருடத்தை ஓட்டினேன். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்தில் இருந்து வருகிறவர்களில் பலர் வீட்டில் உருது பேசுவார்கள். தமிழும் நன்றாக வரும். ஆனால் பாட்டிமார் கூட வந்தால் உருது தெரிந்த நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

வந்தவர்களை எப்படிக் கூப்பிடுவது?

எல்லோரையும் 'அங்கிள், ஆன்ட்டி' என்று கூப்பிடாதீர்கள். சிலருக்குப் பிடிக்கும், பலருக்குக் கூச்சமாக இருக்கும். அம்மா, ஐயா, அண்ணா, அக்கா, பாட்டி எல்லாம் நமக்கு இருக்கிறதே. அரசு வேலையில் இருப்பவர் போலத் தெரிந்தால் 'சார்' என்பதும் சரி. பிளஸ் டூ முடித்தவரை 'தம்பி', 'பாப்பா' என்று அழைத்துக் குழந்தையாக்க வேண்டாம். பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். 'நீங்க' என்றே பேசுங்கள். ஒருவேளை அவருடைய வாழ்க்கையில் பெரியவர்கள் இருக்கும்போது அவரை 'நீங்க' என்று அழைக்கும் முதல் ஆள் நீங்களாக இருக்கலாம்.

பேச்சு வழக்கை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. "இன்னாப்பா, கக்கூஸ் எங்க கீது?" என்று ஒரு பாட்டி கேட்டார். கூட இருந்த வாலண்டியர் ஒருவர் சிரித்துவிட்டார். அது வட ஆற்காட்டுத் தமிழ், நம் ஊர்த் தமிழ். பாட்டி கேட்டதும் அன்றைய டூரிலேயே மிக அவசியமான கேள்வி. அதற்குப் பிறகு நான் எந்த டூரையும் கழிவறை எங்கே இருக்கிறது என்று காட்டாமல் தொடங்குவதில்லை.

எத்தனை மணிக்குத் தொடங்கலாம்?

மே மாதத்தில் காலை 7.30. அதற்கு மேல் தாமதித்தால் நடக்க முடியாது. வேலூர் வெயில் தெரிந்ததுதானே. சுற்றிலும் பாறை மலைகள். பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகும் விடுகின்றன. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதில்லை. ஆனால் தூரத்துக் குடும்பங்களால் 7.30-க்கு வர முடியாது. அவர்களுக்கு மாலை நான்கரைக்கு ஒரு டூர் வையுங்கள். பகல் பதினொன்றுக்கு வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது. அவர்களைக் கூரை உள்ள இடங்களுக்கு மட்டும் அழைத்துச் செல்லுங்கள்: நூலகம், லேப், மெஸ். மைதானத்தை மாடி ஜன்னலில் இருந்து காட்டினால் போதும்.

பாதையை மரம் பார்த்துப் போடுங்கள். எங்கள் வளாகத்தில் நான் பேசுகிற ஐந்து இடங்களில் நான்கு, மர நிழல்கள்தான். புங்கமர நிழலுக்கும் தூங்குமூஞ்சி மர நிழலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. புங்கை நிழல் அடர்த்தி, அதன் கீழே நின்று பத்து நிமிடம் பேசலாம். கூட்டம் பெரிதாக இருந்தால் தூங்குமூஞ்சி மரம்தான் வசதி, அது அகலமாக விரிந்திருக்கும். முதல் நாளே தனியாக நடந்து, எந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடங்களைப் பாதையிலேயே சேருங்கள். பையில் ஒரு குடையும் இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். யாராவது பேச்சை நிறுத்திவிட்டு முகம் வெளிறிப்போனால் டூரை நிறுத்திவிடுங்கள். நிழலில் உட்காரவைத்து, கல்லூரி மருத்துவ அறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

யாருடைய வேகத்தில் நடப்பது?

கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில். முழங்கால் வலியோடு வரும் தாத்தாவை முதல் ஆளாக உங்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடுவார்கள். அவரும் பின்தங்கிய உணர்வு இல்லாமல் வருவார்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால் சாய்தளம் எங்கே இருக்கிறது, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று அன்று காலையே பார்த்துவிடுங்கள். எங்கே சாய்தளம் இல்லையோ அதையும் சொல்லுங்கள். நான்கு வருடம் இருக்கப்போகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பின்னோக்கி நடந்துகொண்டே பேச வேண்டுமா?

வேண்டாம். வீடியோக்களில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். வேகத்தடையும் பைக்கும் உள்ள இடத்தில் அது ஆபத்து. நடக்கும்போது சும்மா ஊர்க்கதை பேசுங்கள். நின்ற பிறகு திரும்பி விஷயத்தைச் சொல்லுங்கள்.

கட்டடங்களைப் பற்றி எவ்வளவு மனப்பாடம் செய்ய வேண்டும்?

மிகக் குறைவு. எத்தனை சதுர அடி, எத்தனை கம்ப்யூட்டர் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கும். நூலகத்தில் இரவு எத்தனை மணி வரை உட்காரலாம், பரீட்சை நேரத்தில் இடம் கிடைக்குமா, பிளஸ் டூ தமிழ் மீடியத்தில் படித்தவர் முதல் செமஸ்டரில் எங்கே உட்கார்ந்து யாரிடம் சந்தேகம் கேட்பார் என்று சொல்லுங்கள். அதைக் கேட்கும்போது கண்கள் நிமிரும்.

ஆனால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு: சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பாலாறு வறண்டு கிடப்பது உண்மை, வருத்தமான உண்மை. ஆனால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் மீண்டும் லிங்கம் வைத்தாயிற்று, இன்றைக்கு அங்கே தினமும் பூஜை நடக்கிறது. அந்த ஒரே கோட்டைக்குள் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் உண்டு. 1857-க்கு ஐம்பது வருடம் முன்பே, 1806 ஜூலை 10-ல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடமும் அதுதான். ஜூலை 10 வாக்கில் டூர் நடந்தால் நான் இதைக் கட்டாயம் சொல்வேன்.

படிப்புக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பெரியது. வூர்ஹீஸ் கல்லூரி 1898-ல் தொடங்கியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் சென்னைக்குப் போவதற்கு முன் படித்தது அங்கேதான். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை (இன்றைய சிஎம்சி), 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆண்களை அங்கே சேர்த்தது 1947-ல்தான். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் உள்ள பெண்பிள்ளைகளின் அப்பாக்களை நான் பார்ப்பேன். காட்பாடியில் ஆக்ஸிலியம் கல்லூரி 1954 முதல் பெண்களுக்காக நடக்கிறது. 1984-ல் வேலூர் என்ஜினியரிங் காலேஜ் என்று தொடங்கியதுதான் இன்றைய விஐடி. 2002-ல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டுக்குப் போவதற்கு முன் கோட்டை வளாகத்திலேயே இயங்கியது. நீங்கள் எந்தக் கல்லூரிக்காரராக இருந்தாலும் மற்றக் கல்லூரிகளைத் தாழ்த்திப் பேசாதீர்கள். நாம் சுற்றிக் காட்டும் பிள்ளை நாளைக்கு அங்கேயும் சேரலாம்.

ஃபீஸ், உதவித்தொகை பற்றிக் கேட்டால்?

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். முதல் வருடம், அணைக்கட்டுப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு குடும்பம். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றார்கள். "அப்படின்னா முதல் பட்டதாரி சலுகை கிடைக்கும், டியூஷன் ஃபீஸ் குறையும்" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர வந்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அட்மிஷன் ஆபீஸில் இல்லை என்று சொன்னபோது அந்த அம்மா திரும்பி என்னைத்தான் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

எனவே இதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். என்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புகளில் முதல் பட்டதாரி சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேர்கிறவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அந்தக் கலந்தாய்வில் இல்லாத நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் கிடையாது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் தம்பிக்குச் சான்றிதழ் வராது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-ல் வந்தது, என்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் வந்தது. அதில் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரில் இருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் இருந்து. கல்விக் கடன் என்றால் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வங்கி மேலாளரை முதல் தடவை பார்க்கப் போகும்போது பிள்ளையும் கூடப் போகட்டும் என்று நான் எப்போதும் சொல்வேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "உங்க விஷயத்துல கிடைக்குமான்னு ஆபீஸ்ல கேட்டுடலாம், வாங்க" என்று கூடவே போங்கள். கவுன்டர் கண்ணாடிக்கு முன்னால் தனியாக நின்று பேசுவது எல்லோருக்கும் எளிதில்லை.

மெஸ் சாப்பாடு, பிளேஸ்மென்ட் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். "சொல்லலாமா" என்று இன்னும் கேட்கிறார்கள் என்பதே எனக்கு வருத்தம்.

மெஸ்ஸில் காலை இட்லி நன்றாக இருக்கும், இரவு சப்பாத்தி காய்ந்திருக்கும் என்றால் அப்படியே சொல்லுங்கள். கோடையில் ஹாஸ்டல் மேல்மாடி அறை சுடும், தண்ணீர் சில நாள் லாரியில் வரும் என்றால் அதையும். இதைக் கேட்டு யாரும் பிள்ளையை வேறு இடத்துக்குக் கூட்டிப் போனதாக நான் பார்க்கவில்லை. மாறாக, குறையையும் சொல்கிறான், அப்படியானால் மற்றதும் உண்மைதான் என்று நம்புவார்கள்.

பிளேஸ்மென்ட்டில்தான் கவனம் தேவை. 'நூறு சதவீதம்' என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கணக்கில் யார் யார் சேர்வார்கள் என்று விளக்குங்கள்: அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்) இல்லாமல், குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் வைத்து, பதிவு செய்தவர்கள் மட்டும். 'மிக அதிக சம்பளம்' என்று போஸ்டரில் இருப்பது ஒருவர் வாங்கியது. பெற்றோர் கேட்க வேண்டியது, நடுவில் இருக்கும் மாணவர் எவ்வளவு வாங்குகிறார், உங்கள் டிபார்ட்மென்ட்டில் போன வருடம் எத்தனை பேர் பதிவு செய்து எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது. இந்தக் கேள்வியை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் வளாகத்துக்கு மட்டுமில்லை, அடுத்து போகும் கல்லூரியிலும் அவர்கள் கேட்பார்கள்.

குறையைச் சொல்லக் கூடாது என்று மேலே இருந்து யாராவது சொன்னால்? மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எதையெல்லாம் நீங்கள் சொல்லக் கூடாதோ அதற்கான பதிலை யார் தருவார் என்று கேளுங்கள். அந்த ஆளிடம் குடும்பத்தை அழைத்துப் போங்கள். பொய்யை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

ராகிங் இருக்கிறதா என்று கேட்டால்?

'இங்கே எல்லாம் கிடையாது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த நினைவு நம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது, வார்டன் அறை எங்கே, சேரும்போது மாணவரும் பெற்றோரும் தர வேண்டிய உறுதிமொழி என்ன என்று காட்டுங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. நான் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பேன். கொடுப்பது பிள்ளையின் கையில், பெற்றோர் கையில் இல்லை.

சாதி பார்ப்பார்களா என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டார்கள், நடக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அப்போது நீங்களும் குரலைத் தாழ்த்தி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். ஹாஸ்டலில் அறை எப்படி ஒதுக்குகிறார்கள், கல்லூரியின் எஸ்சி/எஸ்டி பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். அவர்கள் என்ன சாதி என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

பிள்ளை வாயே திறக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொல்கிறார். என்ன செய்வது?

அடிக்கடி நடப்பது இது. "உங்களுக்கு என்ன குரூப் பிடிக்கும்?" என்று பிள்ளையிடம் கேட்டால், "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்று அப்பா சொல்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள். பணம் அவர் கட்டப்போகிறார், பயம் அவருக்குத்தான் அதிகம்.

எங்கள் வளாகத்தில் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். மெஸ்ஸில் டீ குடிக்கும்போது பெற்றோரை ஒரு வாலண்டியரும் பிள்ளைகளை இன்னொரு வாலண்டியரும் தனித்தனி மேஜையில் உட்காரவைப்போம். பதினைந்து நிமிடம்தான். பெற்றோர் மேஜையில் ஃபீஸ், வார்டன், ஊருக்குப் போக லீவு, போன் வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு ஓடும். பிள்ளைகள் மேஜையில் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவர், "அக்கா, இங்கிலீஷ் வரலைன்னா சிரிப்பாங்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு எல்லோரும் பேசுவார்கள்.

போன வருடம் அந்த மேஜையில் ஒரு பையன் தனக்கு என்ஜினியரிங் வேண்டாம், தாவரவியல்தான் வேண்டும் என்று சொன்னான். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்றேன். இல்லை. நான் அவன் சார்பில் அப்பாவிடம் பேசவில்லை, அது நம் வேலை இல்லை. தாவரவியல் டிபார்ட்மென்ட் பக்கமாகப் பாதையை மட்டும் மாற்றினேன். அங்கே ஒரு பேராசிரியர் மூலிகைத் தோட்டத்தில் நின்றிருந்தார். அப்பாதான் முதலில் நின்றார், "இது ஆடாதொடை இல்ல?" என்று கேட்டு. அப்புறம் இருபது நிமிடம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் என்ன சேர்ந்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பஸ்ஸில் போகும்போது அவர்களுக்குப் பேச ஒரு விஷயம் இருந்திருக்கும்.

வாசலில் நிற்கும் புரோக்கர்கள்?

'சீட் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது உங்கள் குடும்பத்தை அணுகினால் உடனே செக்யூரிட்டியிடமும் அட்மிஷன் ஆபீஸிலும் சொல்லுங்கள். பணத்தைக் கல்லூரிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள், வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள் என்று டூர் தொடக்கத்திலேயே எல்லோரிடமும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். யாராவது அன்போடு உங்கள் சட்டைப் பையில் நூறு ரூபாய் வைத்தாலும் வாங்கக் கூடாது. "பாப்பாவுக்குப் பேனா வாங்கிக் கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் போன் நம்பரைக் கொடுக்கலாமா?

சொந்த எண் வேண்டாம். குழுவுக்கென்று ஒரு பொது எண் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் எண்ணையும் நீங்கள் வாங்காதீர்கள், குறிப்பாகச் சீனியர் பையன்கள். நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் வீட்டில் அது வேறு மாதிரிப் போகும். யாருடைய படத்தையும் கேட்காமல் எடுத்து எங்கும் போடக் கூடாது.

டூர் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எப்படித் திரும்பிப் போகப்போகிறார்கள் என்று கேளுங்கள். ரயில் என்றால் காட்பாடி ஜங்ஷனா, கன்டோன்மென்ட்டா என்று உறுதி செய்யுங்கள். சென்னை, பெங்களூர் வண்டிகளுக்குக் காட்பாடி. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் போகும் வண்டி கன்டோன்மென்ட் வழியாகப் போகும். இரண்டையும் குழப்பிக்கொண்டு வண்டியைத் தவறவிட்டவர்கள் நிறைய. மலைக்குப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் முக்கியம். அவர்களை மதியத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், அட்மிஷன் ஆபீஸ் வரிசையில் அவர்களை முன்னால் விடச் சொல்லிக் கேளுங்கள். நேரம் இருக்கிறவர்களுக்குக் கோட்டையைச் சொல்லுங்கள், அகழி ஓரமாகச் சாயங்காலம் நடக்க நன்றாக இருக்கும்.

அப்புறம் உட்கார்ந்து நோட்டை எடுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகளை அன்றைக்கே எழுதிவிட வேண்டும், மறுநாள் மறந்துவிடும். யார் கேட்டது, எந்த ஊர், என்ன கேள்வி. ஆபீஸில் பதில் வாங்கி, குழுவின் பொது எண்ணில் இருந்து அவர்களுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் இப்போது நூற்றுச் சொச்சம் கேள்விகள் இருக்கின்றன. அணைக்கட்டுக் குடும்பத்துக்கு நான் தவறாகச் சொன்ன பதில் முதல் பக்கத்தில் இருக்கிறது. புதிதாக வருகிற ஒவ்வொரு வாலண்டியருக்கும் டீ-ஷர்ட் கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கக் கொடுக்கிறோம்.